சம அகலத்தில் ஓர் ஊர்ப்பெயர்

நிரல் எழுதுவோர் கணினித் திரையில் பயன்படுத்தும் எழுத்துருக்களில் பெரும்பாலானவை சம அகல எழுத்துருக்களாகும். அதாவது, ஓர் எழுத்தின் இயல்பான உருவம் குறுகியதாயினும் அகன்றதாயினும் அதற்கு ஒதுக்கப்படும் இடம் ஒரே அளவினதாகவே இருக்கும். ஆங்கிலத்தின் ஒற்றைக் கோடான ‘ஐ’ எழுத்தும் மூன்று கால்களையுடைய சிறிய ‘எம்’ எழுத்தும் இவ்வகை எழுத்துருவில் ஒரே அகலமுள்ள கட்டத்துக்குள் நிற்கின்றன. இந்த ஏற்பாடு கண்ணின் வசதி கருதிப் பிறந்ததன்று. தட்டச்சுப் பொறியில் எந்த விசையை அழுத்தினாலும் தாளைத் தாங்கிய பகுதி ஒரே தூரம் நகர வேண்டும் என்ற இயந்திரக் கட்டாயத்தில் அது பிறந்தது. ஐபிஎம் நிறுவனம் 1928இல் 80 நெடுவரிசைகளுடன் கொண்டுவந்த துளையட்டை வழியாகவும், அந்த எண்ணிக்கையையே திரையின் அகலமாக ஏற்றுக்கொண்ட கணினி முனையங்கள் வழியாகவும் அது நிரலாளரின் பழக்கமாக நிலைபெற்றது. துளையட்டை வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சம அகலம் ஒழியவில்லை.

கருவியின் கட்டாயம் கருவி போன பின்னும் எழுத்தில் தங்கிவிடுவது எழுத்து வரலாற்றின் பொதுவான இயல்பு. ஆகவே ஓர் எழுத்துருவைத் தம் கண்ணுக்கும் தம் வேலைக்கும் ஏற்பத் திருத்த முற்படுபவர், தம் முன்னே இருக்கும் கட்டாயங்களில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது, எது பழைய கருவியின் வெறும் எச்சம் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். தமிழ் அச்செழுத்து பிறந்த காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. அவ்வச்செழுத்தின் முதல் வாசகர்கள் வாழ்ந்த இடம் முத்துக்குளித்துறைக் கடற்கரை. அக்கரையின் ஊர்களில் ஒன்று வேம்பார்.

சம அகலத்தின் விளைவை விளங்கிக்கொள்ள அந்தக் கரையின் தொழிலே உதவுகிறது. மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளைத் தரம் பிரிக்க, துளைகள் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் பித்தளைச் சல்லடைகள் பயன்பட்டன. ஒரே சல்லடையில் தங்கிய முத்துகள் அளவில் ஏறத்தாழ ஒன்றே என்று ஆன பிறகு, அவற்றின் மதிப்பை உருட்சியையும் ஒளியையும் பார்த்துக் கண்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சம அகல எழுத்துருவும் அவ்வாறே அளவு என்னும் அடையாளத்தை எழுத்துகளிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் பொறுப்பு முழுவதும் வடிவத்தின் மேல் விழுகிறது. இயல்பான உரைநடையில் ஓர் எழுத்து தெளிவாகத் தெரியாவிட்டாலும் முன்பின் சொற்களைக் கொண்டு கண் அதை ஊகித்துக்கொள்ளும். நிரலில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. சுழியமும் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தும், எண் ஒன்றும் சிறிய ‘எல்’ எழுத்தும் பெரிய ‘ஐ’ எழுத்தும் ஒன்றுபோல் தோன்றினால், வாசிப்பவர் சரியென்று கருதிய வரி இயந்திரத்துக்குப் பிழையான வரியாகிவிடும். சுழியத்தின் நடுவில் புள்ளியோ சாய்கோடோ இடுவதும், ‘எல்’ எழுத்தின் அடியை வளைத்து விடுவதும், ‘ஐ’ எழுத்தின் மேலும் கீழும் குறுக்குக் கோடுகள் சேர்ப்பதும் அலங்காரங்கள் அல்ல. அகலம் இழந்த வேறுபாட்டை வடிவத்தில் மீட்டுத் தரும் திருத்தங்கள்.

வேம்பார், தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையின் வடபகுதியில், பனை அடர்ந்த நிலத்தை ஒட்டி அமைந்த துறை. பரதவர்களின் பழைய ஏழு கடல்துறைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. போர்த்துக்கல்லிலிருந்து 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அண்ட்ரிக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கசு, தமிழ் கற்ற தம் முயற்சியைப் பற்றி இயேசு சபைத் தலைவர் இலொயோலா இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதம் 1548 அக்டோபர் 31ஆம் நாள் இந்த வேம்பாரிலிருந்து எழுதப்பட்டது. மொழிபெயர்ப்பாளரின் துணையை விலக்கி மக்களோடு நேரடியாகப் பேசவும், அவர்கள் எழுத்தைப் படிக்கவும் எழுதவும் முயன்ற அவர், தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் வகுத்தார். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களுள் முதலாவதான அதன் கையெழுத்துப்படி இலிசுபன் நகரில் இருக்கிறது. அவர் கற்ற தமிழ் எழுத்து பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பட்ட எழுத்து. அந்தக் கருவியின் கட்டாயங்கள் அவ்வெழுத்தின் ஒவ்வொரு வளைவிலும் இருந்தன.

அக்கட்டாயங்களில் மூன்று, வாசிப்பவரின் கண்ணை நேரடியாகச் சோதிப்பவை. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பதைத் தொல்காப்பியமே விதித்திருந்தும், எழுத்தாணியின் கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்பதால் ஏடெழுதுவோர் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர், இது முதலாவது. குறில் எகர ஒகரங்களை நெடிலிலிருந்து பிரித்ததும் அதே புள்ளியே ஆதலால், அது மறைந்ததும் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன, இது இரண்டாவது. ஆகாரத்தைக் குறிக்கும் கால் என்னும் குறியும் ரகரமும் வடிவில் வேறுபடாமல் எழுதப்பட்டன, இது மூன்றாவது. வேம்பார் என்ற ஊர்ப்பெயரில் இம்மூன்று ஐயங்களும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. அன்றைய ஏட்டு முறையில் அதை எழுதினால் ஏறத்தாழ ‘வெமபாா’ என்ற தோற்றமே கிடைக்கும்: முதலெழுத்து குறிலா நெடிலா என்பது தெரியாது, மகரம் மெய்யா உயிர்மெய்யா என்பது தெரியாது, இறுதியில் நிற்கும் இரண்டு கோடுகளில் எது கால், எது ரகரம் என்பதும் தெரியாது. ஊரை அறிந்தவருக்கு இது தடையாக இருந்திருக்காது. ஊரை அறியாத ஒருவர், எழுத்தை மட்டும் நம்பி அதைச் சரியாகப் படிக்க வழியில்லை.

இந்த எழுத்து உலோகத்துக்கு மாறியபோது நடந்தது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. 1554இல் இலிசுபனில் அச்சான தமிழ் நூலில், தமிழ் அச்செழுத்து இல்லாமையால் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துகளிலேயே இடப்பட்டிருந்தன. 1577இல் கோவாவில் யோவான் கொன்சால்வசு என்பவர் தமிழ் அச்செழுத்துகளைச் செய்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் யோவான் தெ பாரியா புதிதாக ஒரு தொகுதியைச் செய்தார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த, 16 பக்கங்களே கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் கிறித்தவ மறைநூல் அண்ட்ரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பு. அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் செய்த எழுத்துகளும் கொல்லத்தில் செய்த எழுத்துகளும் ஆண்டு குறிப்பிட்டுத் தனித்தனியே அச்சிட்டுக் காட்டப்பட்டிருக்கின்றன. இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூலே, தன் எழுத்துருவின் முந்தைய வடிவத்தையும் திருந்திய வடிவத்தையும் ஒரே பக்கத்தில் வாசகர் முன் வைக்கிறது என்பதன் பொருள், எழுத்துரு என்பது ஒருமுறை வார்த்து முடித்துவிடும் பொருள் அன்று என்பதை அதைச் செய்தவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள் என்பதே.

அதைவிடவும் நினைவுகூரத்தக்கது, இந்த அச்சுப்பணிக்கு வேண்டிய பொருளை முத்துக்குளித்துறைப் பரதவர்களே திரட்டிக் கொடுத்தார்கள் என்பது. அரசோ வணிகரோ தங்கள் தேவைக்காகச் செய்வித்த எழுத்துரு அன்று அது. அதைப் படிக்கப் போகிறவர்கள் தங்கள் உழைப்பின் பயனைக் கொடுத்துச் செய்வித்தது. 1586இல் வெளிவந்த, அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வரை நீண்ட அந்த முயற்சியில், எழுத்துருவுக்கும் அதைப் படிப்பவருக்கும் இடையிலான உறவு நேரடியானது.

ஆயினும் அந்த முதல் அச்செழுத்துகளில் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. உலோக அச்சு ஓலையைப் போலக் கிழியக்கூடிய பொருள் அன்று; புள்ளியோடு கூடிய மெய்யெழுத்தை வார்க்கத் தொழில்முறையில் தடை ஏதும் இல்லை. கட்டாயம் மறைந்துவிட்டிருந்தது, பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஓலையின் எச்சத்தைத் தமிழ் அச்சு நெடுங்காலம் சுமந்தது. ஏகார ஓகாரங்களுக்கு இன்று வழங்கும் தனி வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமாக அறியப்படுகின்றன. புள்ளி நிலைபெற்றதும், ரகரத்தின் அடியில் சாய்கோடு சேர்ந்து அது காலிலிருந்து பிரிந்ததும் இதே போக்கின் வேறு படிகள். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கி, தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கிய சீர்திருத்தமும், ணா, றா, னா, லை போன்றவற்றின் தனி உருவங்களை நீக்கி அச்சுக்கும் கற்பதற்கும் எளிமை தேடியதே. வேம்பார் என்ற பெயர் இன்று ஐயமின்றி வாசிக்கப்படுவது, பல தலைமுறைகள் அடுத்தடுத்துச் செய்த எழுத்துருத் திருத்தங்களின் பயன்.

சம அகலம் என்னும் கட்டாயம் தமிழுக்குத் தட்டச்சுப் பொறியோடு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி, 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க வேண்டியிருந்தது. அதற்குக் கிடைத்த வழிகளில் முக்கியமானது நகரா விசை. அதாவது, புள்ளி போன்ற மேற்குறிகளைத் தாளில் பதித்துவிட்டுத் தாளை நகர்த்தாமல் விடும் விசை. அடுத்து அழுத்தப்படும் மெய்யின் உரு அதே இடத்தில் பதிவதால் இரண்டும் ஓரெழுத்தாகச் சேர்ந்துவிடும். எழுத்து என்ற அலகும் இயந்திரம் நகரும் அலகும் ஒன்றல்ல என்பதைத் தமிழுக்கு முதலில் கணக்காகக் கற்பித்தது இந்த விசைதான்.

கணினியில் அந்தக் கணக்கு மேலும் விரிகிறது. வேம்பார் என்ற பெயரைத் தமிழ் அறிந்தவர் வே, ம், பா, ர் என்று 4 எழுத்துகளாக எண்ணுவார். திரையில் அது இரட்டைச் சுழிக் கொம்பு, வகரம், புள்ளியோடு மகரம், பகரம், கால், புள்ளியோடு ரகரம் என 6 இடங்களைக் கொள்கிறது. ஒருங்குறியில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் குறியீட்டு முறையில், அது 8 குறிகள். அக்குறிகளைச் சேமிக்கப் பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்வதால் மொத்தம் 24 பைட்டுகள். ஆங்கில நிரலில் எழுத்து, இடம், குறி, பைட்டு ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒரே எண்ணாக அமைவதால்தான் சம அகலக் கட்டம் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. முனைய மென்பொருள்கள் ஒவ்வொரு குறிக்கும் சுழியம், ஒன்று அல்லது இரண்டு கட்டங்கள் என ஒதுக்குகின்றன. சீன, யப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு என்பது நன்கு நிலைத்த வழக்கு. தமிழின் உயிர்க்குறிகளுக்கு எத்தனை கட்டம் என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு இருப்பதால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ, இடையில் வெற்றிடம் விட்டோ தோன்றுகின்றன.

ஒரே கட்டத்துக்குள் நெருக்குவதும் தமிழுக்குத் தீர்வாகாது. ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துக்காட்டுவது ஒரு வளைவின் மிகுதி மட்டுமே. ணகரத்தை ரகரத்தின் அகலத்துக்குள் அடக்கினால் அதன் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறிய அளவில் னகரமாகவே தோன்றிவிடும். ஞகரம், ஐகாரம், ஔகாரம் ஆகியவற்றுக்கும் இதே நெருக்கடி உண்டு. நிரலாளர்கள் பொதுவாகத் தேர்ந்துகொள்ளும் சம அகல எழுத்துருக்களில் தமிழ் இடம்பெறாதபோது, திரை வேறோர் எழுத்துருவிலிருந்து தமிழ் உருவங்களை வாங்கி இடுவதால் கோட்டின் தடிப்பும் வரியின் உயரமும் இடத்துக்கு இடம் மாறி, தமிழ்ப் பகுதி நிரலுக்குள் வந்தேறியதுபோல் நிற்கிறது.

இவற்றைக் காட்டிலும் ஆபத்தானது, கண்ணுக்கு ஒன்றாகவும் இயந்திரத்துக்கு வேறாகவும் இருக்கும் இணைகள். பழைய அச்சில் ரகரமெய், அடிச்சாய்கோடு இல்லாமல், காலின் மேல் புள்ளி வைத்தாற்போல் அமைந்திருந்தது. இன்றும் பல எழுத்துருக்கள் அந்த வடிவையே பின்பற்றுகின்றன. அதனால் ரகரமெய்க்குப் பதிலாகக் காலையும் புள்ளியையும் தட்டி ‘வேம்பாா்’ என்று இடுவது தமிழ்க் கணினி உரைகளில் பரவலாகக் காணப்படும் பிழை. பைத்தான் என்னும் நிரல்மொழி, 2008இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் தமிழ் எழுத்திலும் மாறிகளுக்குப் பெயரிட இடமளிக்கிறது. மாறி என்பது ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் இடத்தின் பெயர். ஒரு மாறியை ‘வேம்பார்’ என்று வரையறுத்து, பின்னொரு வரியில் ‘வேம்பாா்’ என்று அழைத்தால், அப்படியொரு பெயரே இல்லை என்று சொல்லி நிரல் நின்றுவிடும். எழுத்துரு இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், நிரலாளர் எத்தனை முறை படித்தாலும் பிழை கண்ணில் படாது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக இடுவது, ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று இடுவது, ககரத்தையும் தமிழ் எண் ௧ஐயும், எகரத்தையும் ௭ஐயும் வேறுபாடின்றி வரைவது ஆகியவை இதே வகை. 16ஆம் நூற்றாண்டின் ஏட்டில் காலுக்கும் ரகரத்துக்கும் இடையே இருந்த ஐயம் இவ்வாறு நிரலுக்குள் மீண்டும் நுழைந்திருக்கிறது. முன்பு வாசகரின் அறிவு அதைத் தீர்த்துவைத்தது, இப்போது தீர்த்துவைக்க யாரும் இல்லை.

எழுத்துருவைத் தன் தேவைக்குத் திருத்தும் வழிகள் இன்று முன்னெப்போதையும்விடத் திறந்திருக்கின்றன. அயோசெவ்கா என்ற சம அகல எழுத்துருவில், ஒவ்வோர் எழுத்துக்கும் பல மாற்று வடிவங்களிலிருந்து வேண்டியதைத் தேர்ந்து, தனக்கான தொகுதியைப் பயனரே கட்டமைத்துக்கொள்ளலாம். டேவிட் ஜோனதன் ராஸ் வடிவமைத்த இன்புட் என்ற எழுத்துருக் குடும்பம் இதனினும் அடிப்படையான கேள்வியை எழுப்புகிறது: நிரலுக்கு வேண்டியது தெளிந்த வடிவங்களும் பெரிதாக வரைந்த நிறுத்தக்குறிகளும் தாராளமான இடைவெளியுமே என்றால், சம அகலம் எதற்கு? அக்குடும்பத்தில் சம அகல வடிவங்களோடு, எழுத்துக்கேற்ற அகலம் கொண்ட வடிவங்களும் நிரலுக்கென்றே தரப்பட்டிருக்கின்றன. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியான எழுத்துருவை எவரும் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். மூலத்தை ஆக்கியவர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட பெயரைத் திருத்திய வடிவத்துக்கு இடக்கூடாது என்பது அவ்வுரிமத்தின் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இந்தத் திருத்தத்தைச் செலவின்றிச் செய்ய முடியும்.

ஆகவே தமிழ் நிரலுக்கான எழுத்துருவில் எது எச்சம், எது உயிருள்ள கட்டாயம் என்ற கேள்விக்குத் திட்டவட்டமாக விடை கூற இயலும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பது எச்சம். தமிழில் அதைக் கடைப்பிடித்தால் இழப்பு மிகுதி. வரிகள் நெடுவரிசையில் நேராக நிற்க வேண்டும் என்பது உயிருள்ள தேவை. குறுகிய எழுத்துகளுக்கு ஒரு கட்டம், ண, ஞ, ஐ, ஔ போன்ற அகன்றவற்றுக்கு இரண்டு கட்டம் என்று ஒதுக்கினால், முனைய மென்பொருள்களும் அதே ஒதுக்கீட்டை ஏற்கும்போது, அத்தேவை நிறைவேறும். எந்த எழுத்தும் நசுங்காது. ரகரமெய்யின் அடியில் சாய்கோட்டை எப்போதும் வரைவதும், ரகரம் நிற்க வேண்டிய இடத்தில் கால் வந்தால் அந்தக் காலை வேறுபட்ட வடிவில் காட்டுவதும், ஔகாரத்தின் பின்பகுதியை ளகரத்தைவிடச் சிறிதாக வரைவதும், தமிழ் எண்களின் வால்களை எழுத்துகளிலிருந்து தெளிவாக விலக்குவதும் அழகுணர்ச்சி தடுக்கக்கூடாத கட்டாயங்கள். அழகிய அச்சுநூலில் ரகரமெய் சாய்கோடின்றி நிற்கலாம். எந்தக் குறி உள்ளே இருக்கிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வதே முதற்கடமையாக உள்ள நிரலில் நிற்கக்கூடாது.

இத்தகைய எழுத்துருவைப் பெருநிறுவனம் ஒன்று தரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ போன்ற தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியது, தமிழில் நிரல் கற்பவர்களுக்கு ஒரு கருவி தேவை என்று கண்டதால்தான். அந்தக் கருவியோடு எழுத்துருவும் சேர வேண்டும். அதைச் செய்பவர்கள் வடிவமைப்பாளர்களாக மட்டும் இருந்தால் போதாது. தமிழில் மாறிகளுக்குப் பெயரிட்டு, பிழை தேடி வரிவரியாகப் படிக்கும் மாணவர்கள் எங்கே தவறாகப் படிக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து குறித்துக்கொண்டு, தவறாகப் படிக்கப்பட்ட ஒவ்வோர் இணைக்கும் வடிவத்தில் ஒரு வேறுபாட்டைச் சேர்த்து, சேர்த்ததை மீண்டும் அவர்களிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்த வேறுபாடு பொருளைச் சுமக்கிறது என்று முடிவு செய்யும் தகுதி படிப்பவருக்கே உண்டு. அவர் படிப்பது இறைமன்றாட்டாயினும் நிரலாயினும் அத்தகுதி அவரிடமே இருக்க வேண்டும்.